பாதியாக வெட்டிய மாத்திரை அட்டை

அம்மாவின் மாத்திரைகள் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் இருக்கும். 2020 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த டப்பாவைக் கூடத்துத் தரையில் கவிழ்த்துக் கொட்டினேன். பிரஷர் மாத்திரை, கால்சியம், கேஸ் மாத்திரை மூன்றும் முழு அட்டைகளாக இருந்தன. மற்றதெல்லாம் கத்தரியால் வெட்டிய துண்டுகள். துண்டுக்கு இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை. ஒரு துண்டில் மருந்தின் பெயரில் கடைசி மூன்றெழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. இன்னொன்றில் விலை. மற்றொன்றில் எதுவுமே இல்லை, வெறும் வெள்ளித் தாள்.

“இதுல முட்டிவலிக்குப் போடுறது எதும்மா?”

“ஆரஞ்சு கலர்ல பெருசா இருக்கும் பாரு, அதான்.”

“பேரு?”

“பேரெல்லாம் எனக்கெதுக்கு? மெடிக்கல்ல முட்டிவலி மாத்திரைன்னு கேட்டா குடுப்பாரு.”

முந்தின நாள் இரவு பெரியம்மா மகன் பாரிஸிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருந்தார். பெரியம்மாவைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்தார்கள். பெரியப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை வந்து, அண்ணன் முப்பது வருடமாக அங்கேயே இருக்கிறார். குரலில் பதற்றம் தெரிந்தது. “சித்தி முட்டிக்கு என்ன மாத்திரை போடுறாங்கன்னு பாரு. இபுப்ரோஃபன்னா உடனே நிறுத்திரு. இங்க மந்திரியே சொல்லிட்டாரு, கொரோனா வந்தா அது ஆளையே சாச்சுருமாம்.”

மந்திரி சொன்னது உண்மைதான். பிரான்ஸின் சுகாதார அமைச்சர் ஒலிவியே வெரான் அன்றைக்கு, மார்ச் 14 அன்று, ட்விட்டரில் எழுதியிருந்தார். அவரே நரம்பியல் மருத்துவர் என்பதால் பேச்சுக்கு எடை கூடுதல். இபுப்ரோஃபன், கார்ட்டிசோன் போன்ற அழற்சி அடக்கும் மருந்துகள் தொற்றைத் தீவிரமாக்கக்கூடும், காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் போடுங்கள் என்பது செய்தி. அதே நேரத்தில் வாட்சப்பில் வேறொன்றும் சுற்றியது. வியன்னா பல்கலைக்கழக ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிட்டார்களாம், கொரோனாவில் மோசமானவர்கள் எல்லோரும் இபுப்ரோஃபன் போட்டவர்களாம். வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகம் அப்படியொரு ஆராய்ச்சியே தங்களிடம் நடக்கவில்லை என்று உடனே மறுத்தது. மறுப்பு எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்து சேரவில்லை. பொய்யான செய்தியும் மந்திரியின் செய்தியும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நின்றன.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மருத்துவம் படித்தவள் இல்லை, ஆனால் மாத்திரையின் பின்பக்கம் பார்க்கத் தெரியும். மெடிக்கலுக்குப் போய், அந்த ஆரஞ்சு மாத்திரையின் முழு அட்டையைக் காட்டச் சொல்லிப் படித்தேன். இபுப்ரோஃபன் 400 மி.கி., பாரசிட்டமால் 325 மி.கி. சந்தேகம் தீர்ந்தது. வீட்டுக்கு வந்து துண்டுகளைக் குப்பையில் போட்டேன். பதிலுக்குப் பாரசிட்டமால் 650 அட்டை ஒன்றை டப்பாவில் வைத்தேன்.

இரண்டு நாளில் எங்கள் தெருக் குழுவில் அடுத்தது வந்தது. பிரஷர் மாத்திரையும் ஆபத்தாம்.

இதற்கும் ஒரு வேர் இருந்தது. மார்ச் 11 அன்று லான்செட் குழுமத்தின் சுவாச மருத்துவ இதழில் ஒரு கடிதம் வெளியானது. கட்டுரைகூட இல்லை, கடிதம். அதன் வாதம் இப்படிப் போகும்: இந்த வைரஸ் நம் செல்களுக்குள் நுழைவது ஏ.சி.இ.2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு. சில மருந்துகள் அந்தப் புரதத்தின் அளவைக் கூட்டுகின்றன. ஆகவே அந்த மருந்துகளை எடுப்பவர்களிடம் வைரஸ் சுலபமாக நுழையலாம். இபுப்ரோஃபன் அந்தப் பட்டியலில் ஒன்று. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சார்ட்டான் வகை மாத்திரைகள் இன்னொன்று. அம்மா தினமும் காலையில் போடுவது டெல்மிசார்ட்டான், அதனுடன் நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்தது. என் அம்மாவின் டப்பாவைப் பார்த்தே அந்தக் கடிதத்தை எழுதியதுபோல இருந்தது எனக்கு.

கடிதம் சொன்னது ஓர் ஊகம். இபுப்ரோஃபன் ஏ.சி.இ.2-ஐக் கூட்டும் என்பதற்கு ஆதாரம், சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் இதயத்தில் பார்த்தது. எலியின் இதயத்திலிருந்து மதுரையில் இருக்கும் 67 வயதுப் பெண்ணின் நுரையீரலுக்கு வர எத்தனை படி தாண்ட வேண்டும் என்று ஒரு வேதியியல் ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும். ஆனாலும் அந்த வாரம் என் கை டெல்மிசார்ட்டான் அட்டையையும் எடுத்தது.

அதைக் குப்பையில் போடவிடாமல் தடுத்தது அறிவியல் அல்ல. அப்பா 2011-இல் பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தினார். “உடம்பு நல்லாத்தான இருக்கு” என்றார். ஒன்றரை மாதத்தில் ஒரு விடியற்காலை பக்கவாதத்தில் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு டப்பாவிலேயே திரும்ப வைத்தேன்.

இதைத்தான் இத்தனை வருடம் கழித்து எழுத வேண்டும் என்று தோன்றியது. இரண்டு மாத்திரை, ஒரே கடிதம், ஒரே அளவுச் சந்தேகம். ஒன்றை நிறுத்துவதால் அதிகபட்சம் முட்டி வலிக்கும். இன்னொன்றை நிறுத்தினால் மூளையில் இரத்தக் குழாய் வெடிக்கலாம், அடைக்கலாம். ஆதாரம் எவ்வளவு பலமானது என்று மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். நிறுத்தினால் என்ன இழப்போம் என்று கேட்டால் பதில் வேறு வேறாகும். அந்தக் கேள்வியை நான் கேட்டது அப்பாவின் நினைவால்தான். அப்பா இன்னும் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் மார்ச் 13 அன்றே, பிரஷர் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள் என்று அறிவித்திருந்தது. அதுவும் எங்கள் குழுவுக்கு வரவில்லை. பின்னாளில் பிரேசிலில் கொரோனாவுடன் மருத்துவமனையில் சேர்ந்த 659 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த வகை மாத்திரைகளை நிறுத்தியும் மறு பாதிக்குத் தொடர்ந்தும் பார்த்தார்கள். நிறுத்தியதால் எந்த லாபமும் இல்லை.

அந்த வாரம் பெரிய இடங்களே தடுமாறின. மார்ச் 17 அன்று ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் பேச்சாளர், சந்தேகம் இருக்கும்வரை சுயமாக இபுப்ரோஃபன் வேண்டாம், பாரசிட்டமால் எடுங்கள் என்றார். மறுநாளே அந்த நிறுவனம், இப்போதிருக்கும் தகவல்களின்படி இபுப்ரோஃபனைத் தவிர்க்கும்படி நாங்கள் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. அதே 18-ஆம் தேதி ஐரோப்பிய மருந்து முகமை, இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை என்றது. 19-ஆம் தேதி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அதையே சொன்னது. அண்ணன் ஒவ்வொன்றையும் அனுப்பினார், ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதைத் தள்ளிவிட்டது. “ஒருநாள் வேணாங்கிறான், மறுநாள் வேணுங்கிறான், இவனுகளை நம்பி எதைச் செய்ய?” என்றார் என் கொழுந்தனார். எனக்கும் அன்றைக்குக் கோபம்தான். இன்றைக்குக் கோபத்தின் காரணம் மாறியிருக்கிறது. கருத்தை மாற்றிக்கொண்டது தப்பில்லை. ஆதாரம் இல்லாத நேரத்தில் ‘எங்களுக்கு இன்னும் தெரியாது, தெரியும்வரை இப்படிச் செய்யலாம், இதைச் செய்யாதீர்கள்’ என்று முதல் நாளே மூன்று வாக்கியமாகச் சொல்லியிருந்தால் மக்கள் தாங்கியிருப்பார்கள்.

பிரான்ஸுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த மந்திரி அதைக் காற்றிலிருந்து பறிக்கவில்லை. 2019 ஏப்ரலிலேயே அந்த நாட்டு மருந்துப் பாதுகாப்பு முகமை, காய்ச்சலுக்கும் வலிக்கும் இபுப்ரோஃபன், கீட்டோப்ரோஃபன் எடுத்தவர்களில் சிலருக்கு பாக்டீரியா தொற்றுகள் மோசமானதாக எச்சரித்திருந்தது. சின்னம்மை போட்டிருக்கும் குழந்தைக்கு இபுப்ரோஃபன் கொடுக்காதீர்கள் என்பது இன்றும் பல நாட்டு மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை. தோலுக்கு அடியில் கடுமையான தொற்று பரவியதைப் பார்த்திருக்கிறார்கள். 2020 ஜனவரி 15 முதல் பிரெஞ்சு மருந்துக் கடைகளில் பாரசிட்டமாலையும் இபுப்ரோஃபனையும் ஆட்கள் தாங்களே எடுத்துக்கொள்ள முடியாதபடி கல்லாவுக்குப் பின்னால் வைக்கச் செய்தார்கள். பாரசிட்டமாலையும்கூட என்பதைக் கவனியுங்கள், அதற்கு வருகிறேன்.

பிறகு ஒருநாள்தான் மந்திரியின் செய்தியை முழுதாகப் படித்தேன். அதில் கடைசியாக ஒரு வாக்கியம் இருந்தது. ஏற்கெனவே இந்த மருந்துகளை எடுத்துக்கொண்டிருப்பவர்கள், அல்லது சந்தேகம் உள்ளவர்கள், உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். என் அம்மாவுக்கென்று எழுதிய வாக்கியம் அது ஒன்றுதான். பாரிஸிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் எங்கோ அதைக் கத்தரித்துவிட்டிருந்தார்கள்.

மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். 25-ஆம் தேதி தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் எங்கள் ஊர் அரசு ராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. தெருவில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதிக்குள் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எங்கள் வீட்டில் குந்தி உட்காரும் கழிவறைதான். கொல்லைப் பக்கம் இருக்கிறது, இரண்டு படி இறங்க வேண்டும். முன்பு ஒரு கையால் சுவரைத் தொட்டு இறங்குவார். இப்போது இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்தார். விடிகாலையில் என்னை எழுப்பக் கூச்சப்பட்டு, ராத்திரி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார் என்று நாலைந்து நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

“வேற மாத்திரைதான் குடுத்திருக்கேன்ல, போடுறீங்களா இல்லையா?”

“போடுறேன்த்தா. ஆனா அது காய்ச்சல் மாத்திரை. முட்டிக்கு எப்படிக் கேக்கும்?”

அம்மா சொன்னதில் நிறைய உண்மை. தேய்ந்த மூட்டின் வலிக்குப் பாரசிட்டமால் தரும் நிவாரணம் மிகக் குறைவு என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. இபுப்ரோஃபன் வலி இருக்கும் இடத்திலேயே, அழற்சியை மூட்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கிறது. ஆஸ்பிரினும் அதன் உறவுக்காரர்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று 1971-இல் கண்டறிந்த ஜான் வேனுக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. பாரசிட்டமால் காய்ச்சலை இறக்கும், தலைவலியைத் தணிக்கும், வீங்கிய மூட்டை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ‘எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று நான் செய்த மாற்றத்துக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கட்டியது நான் அல்ல, அம்மா.

அதே 25-ஆம் தேதிதான் மத்திய அரசு தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனைக்கு விதிமுறை வெளியிட்டது. இரண்டு நாள் கழித்து, அம்மா வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவைப் போனில் பிடித்தேன். டப்பாவில் இருப்பதையெல்லாம் வரிசையாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நிறுத்தியதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“கொரோனாவ விடுங்க. அம்மா அந்த வலி மாத்திரைய எத்தனை நாளா போடுறாங்க?”

“ரெண்டு வருஷமிருக்கும் டாக்டர். வலிக்கும்போது மட்டும்.”

“வாரத்துல எத்தனை தடவை வலிக்கும்?”

அம்மாவைக் கேட்டேன். தினமும்தான் என்றார்.

டாக்டரம்மா கடிந்துகொள்ளவில்லை, விளக்கினார். டெல்மிசார்ட்டான் ஒரு பக்கம், அதனுடன் நீர் பிரிக்கும் மருந்து, மேலே இபுப்ரோஃபன். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் மூன்று வகையில் குறைகிறது. வயதானவர்களுக்கு, அதிலும் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு, சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். இரத்த அழுத்தத்தையும் அது ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். “ஊரடங்கு முடிஞ்சதும் கிட்னி எப்படியிருக்குன்னு கிரியாட்டினின் பாத்துருவோம். அந்த மாத்திரை எப்பவோ நின்னுருக்கணும்.”

எனக்குத் தொண்டை அடைத்தது. எலியின் இதயத்தைப் பற்றி ஒரு வாரமாக நான் பயந்துகொண்டிருந்தேன். பல வருடமாக எல்லா மருத்துவ நூலிலும் இருக்கும், யாரும் சந்தேகிக்காத ஓர் ஆபத்து இரண்டு வருடமாக எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. தப்பான காரணத்துக்காகச் சரியான மாத்திரையை நிறுத்தியிருக்கிறேன். முட்டிக்கு டைக்ளோஃபெனாக் களிம்பைத் தேய்க்கச் சொன்னார் டாக்டரம்மா. தோல் வழியாக இரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம். பத்து நாளில் அம்மா மறுபடி ஒரு கையால் சுவரைத் தொட்டுப் படி இறங்கினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூக்கு ஒழுகல், தொண்டைக் கரகரப்பு, 100 டிகிரி. வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் வீட்டில் யாரும் சத்தமாக இருமவே இல்லை. பாரசிட்டமால் 650 வீட்டில் இருந்தது; ஒரு நாளைக்கு நான்கு கொடுத்தேன். சளிக்கென்று பக்கத்து வீட்டுப் பையன் மெடிக்கலில் மாத்திரை வாங்கிவந்தான், சின்னக் காகிதக் கவரில், வெட்டிய துண்டுகளாக. கவரின் மேலே பேனாவால் மூன்று கோடு: காலை, மதியம், இரவு.

மூன்றாம் நாள் காலையில்தான் எனக்கு உறைத்தது. பையனை மறுபடி அனுப்பி, அந்தச் சளி மாத்திரையின் முழு அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அலர்ஜிக்கு ஒரு மருந்து, மூக்கடைப்புக்கு ஒரு மருந்து, அவற்றுடன் பாரசிட்டமால் 500 மி.கி. காகிதத்தில் கணக்குப் போட்டேன். 650 நான்கு, 2,600. 500 மூன்று, 1,500. கூட்டினால் 4,100. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4,000 மி.கி.; ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு அதையும் குறைக்கச் சொல்வார்கள். அம்மா 46 கிலோ. இரண்டு நாள் அப்படிக் கொடுத்திருக்கிறேன்.

கல்லீரலில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதுதான் அந்தக் காலையைத் தாங்க முடியாததாக்கியது. பாரசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறுகிறது. அதை குளூட்டத்தையோன் என்ற பொருள் பிடித்துச் செயலிழக்கச் செய்யும். அளவு மீறினால் குளூட்டத்தையோன் தீர்ந்துபோகும், நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும். முதல் ஒன்றிரண்டு நாள் வெளியே ஒன்றும் தெரியாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கல்லீரல் திடீரெனச் செயலிழப்பதற்கு முதன்மைக் காரணம் இதுதான். பிரிட்டனில் 1998 முதல் சாதாரணக் கடையில் ஒரு பொட்டலத்துக்கு 16 மாத்திரைக்கு மேல் விற்கக்கூடாது. இந்த மாத்திரையைத்தான் அந்த மாதங்களில் உலகம் முழுக்க ‘பாதுகாப்பானது’ என்று ஒற்றைச் சொல்லில் சொன்னார்கள், நானும் சொன்னேன். சரியான அளவில் அது உண்மையிலேயே பாதுகாப்பானது. அந்த அடைமொழியையும் வழியில் வெட்டிவிட்டோம்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சளி மாத்திரையை நிறுத்தினோம், 650-ஐ டாக்டரம்மா சொன்ன அளவுக்குக் குறைத்தோம், காய்ச்சல் நான்காம் நாள் இறங்கியது. மே மாதம் இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நன்றாக இருந்தது. கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல், பிறகு அதுவும் இறங்கியது.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் காய்ச்சல் என்றால் அது ஒரே காய்ச்சல் இல்லை. 2017-இல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, 65 பேர் இறந்தார்கள். என் தங்கை மகனும் அந்த வருட ஐப்பசியில் படுத்தான். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல வலி என்று அழுதான். தெருமுனைக் கிளினிக்கில் வலிக்கு ஊசி போடலாம் என்றபோது தங்கை பிடிவாதமாக மறுத்து ராஜாஜி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 38,000-க்கு இறங்கியிருந்தன. டெங்குவில் தட்டணு குறைகிறது, இரத்தக் குழாய்கள் கசிகின்றன. அந்த நேரத்தில் இபுப்ரோஃபனோ டைக்ளோஃபெனாக்கோ ஆஸ்பிரினோ போட்டால், மிச்சமிருக்கும் தட்டணுக்களும் ஒன்றோடொன்று ஒட்டாது, வயிற்றின் உள்தோலும் புண்ணாகும். இரத்தப்போக்கு தொடங்கினால் நிறுத்துவது கடினம். இதில் விவாதம் எதுவும் இல்லை. டெங்குவா என்று தெரியாத காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலும் தண்ணீரும்தான்.

அப்படியானால் 2020 மார்ச்சில் மதுரையில் காய்ச்சல் வந்த ஒருவர் எந்த மாத்திரை எடுப்பது என்பதற்குப் பதில் ஏற்கெனவே இருந்தது. பாரிஸிலிருந்து வர வேண்டியதில்லை, எலிகளிடமிருந்தும் வர வேண்டியதில்லை. நம் கொசுக்களும் நம் வெட்டுத் துண்டுகளும் அதை முடிவு செய்திருந்தன. அங்கிருந்த மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளுக்காகப் பட்ட கவலையை, நாம் நம் நோயாளிகளைப் பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

ஆதாரங்கள் மெல்ல வந்தன. டென்மார்க்கில் தொற்று உறுதியான 9,236 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். அதில் இவ்வகை வலி மருந்து வாங்கியிருந்தவர்கள் 248 பேர்தான். முப்பது நாளில் இறந்தவர்கள் அவர்களில் 6.3 சதவீதம், அவர்களைப்போன்றே வாங்காதவர்களில் 6.1 சதவீதம். பிரிட்டனில் மருத்துவமனையில் சேர்ந்த 72,000-க்கும் அதிகமானோரைப் பார்த்த ஆய்வு 2021 மே மாதம் வெளியானது. அவர்களில் 4,211 பேர் இந்த மருந்துகளை எடுத்தவர்கள். இரு தரப்பிலும் இறப்பு 30 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. மந்திரியின் பட்டியலில் இபுப்ரோஃபனுக்கு அடுத்து நின்ற கார்ட்டிசோன் குடும்பத்து மருந்து ஒன்று, டெக்ஸாமெத்தசோன், 2020 ஜூன் மாதம் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு சொன்னது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. சென்னையில் ஐ.ஐ.டி.யும் பனிமலர் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, இபுப்ரோஃபனின் உறவான இண்டோமெத்தசினையே கொரோனா நோயாளிகளுக்குச் சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 210 பேர் பங்கேற்ற சிறிய ஆய்வு அது. பாரசிட்டமால் கொடுத்த 107 பேரில் 20 பேருக்கு ஆக்ஸிஜன் 93-க்கோ அதற்குக் கீழோ போனது, இண்டோமெத்தசின் எடுத்த 103 பேரில் ஒருவருக்கும் போகவில்லை என்று எழுதினார்கள். அந்த ஓர் ஆய்வை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ஆனாலும் அதைப் படித்த அன்று, குப்பைக்குப் போன ஆரஞ்சுத் துண்டுகள் நினைவுக்கு வந்தன.

ஆரம்ப எச்சரிக்கை பிறகு பொய்த்தால், எச்சரித்ததே தப்பு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். 1963-இல் ஆஸ்திரேலிய நோயியலாளர் டக்ளஸ் ரே விவரித்த நோய் ஒன்று உண்டு. ஃப்ளூவோ சின்னம்மையோ வந்து தேறிக்கொண்டிருக்கும் குழந்தை திடீரென வாந்தியெடுத்து, நினைவு தப்பி, மூளை வீங்கி, கல்லீரலில் கொழுப்பேறிச் சாகும். 1980-இல் அமெரிக்காவில் 555 குழந்தைகளுக்கு வந்தது. ஆஸ்பிரின் கொடுத்த குழந்தைகளிடம் அதிகம் வருகிறது என்று சில சிறு ஆய்வுகள் காட்டின. எப்படி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆதாரம் போதாது என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். ஆனாலும் 1982-இல் எச்சரித்தார்கள், 1986-இல் பெட்டியிலேயே அச்சிடச் செய்தார்கள். 1987-க்குப் பிறகு வருடத்துக்கு 36-ஐத் தாண்டவில்லை. ஆஸ்பிரினுக்குப் பதிலாகக் குழந்தைக்குப் பாரசிட்டமால் கொடுப்பதால் யாரும் எதையும் இழக்கவில்லை. அதனால்தான் அரைகுறை ஆதாரத்தில் எடுத்த முடிவு சரியான முடிவாக இருந்தது.

எனக்கு இப்போதும் ஆறாமல் இருப்பது அந்தக் கத்தரிக்கோல்தான். மெடிக்கல்காரரைக் குறை சொல்லி எழுதவில்லை. பத்து ரூபாயோடு வருகிறவர் முழு அட்டை வாங்க முடியாது. “ரெண்டு வேளைக்குக் குடுங்கண்ணே” என்பதுதான் நம் தெருக்களின் மருத்துவம், அதனால்தான் பாதிப் பேர் வேலைக்குப் போக முடிகிறது. ஆனால் அந்தக் கவருக்குள் ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு சளி மாத்திரை, ஒரு வலி மாத்திரை இருக்கும்போது, வாங்குகிறவருக்கு மூன்றின் பெயரும் தெரியாது. டெங்குவாக இருந்தால் வலி மாத்திரையை மட்டும் எடுத்து வைக்க அவரால் முடியாது. இரண்டில் பாரசிட்டமால் இருந்தால் கூட்டிப் பார்க்க முடியாது. மறுநாள் மருத்துவரிடம் போனால் என்ன போட்டேன் என்று சொல்ல முடியாது. உலகமே ஆதாரத்தைப் பற்றி விவாதித்தாலும் அந்த விவாதம் எட்டாத இடத்தில் அவர் நிற்கிறார். கவரின் மேல் மூன்று கோடு போடும் அதே பேனாவால் மூன்று பெயரை எழுதலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது.

எங்கள் மெடிக்கல் அண்ணனிடம் இதைச் சொன்னேன். “கூட்டத்துல எங்க டீச்சர் எழுத?” என்றார். அடுத்த மாதம் போனபோது, பெயர் இல்லாத ஓரத்திலிருந்து வெட்டத் தொடங்கியிருந்தார். கடைசித் துண்டு வாங்குகிறவருக்காவது பெயர் போய்ச் சேரும். முதலில் வாங்குகிறவருக்கு இன்னும் இல்லை.

போன ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், அம்மாவுக்கு மறுபடி உடம்பு சுட்டது. மறுநாள் காலை இரத்தம் எடுக்க ஏற்பாடு செய்துவிட்டு மெடிக்கலுக்குக் கிளம்பினேன். நானும் வருகிறேன் என்று அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தார். எங்களுக்கு முன்னால் கொத்தனார் வேலைக்குப் போகும் பையன் ஒருவன் நின்றான், சிமெண்டுக் கையோடு. “ஒடம்பு வலி, காய்ச்சல். ரெண்டு வேளைக்கு” என்றான். அண்ணன் கத்தரியை எடுத்தார்.

“தம்பி, எத்தனை நாளா காய்ச்சல்?” அம்மாதான் கேட்டார்.

“மூணு நாளு பாட்டி.”

அம்மா கல்லாவில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். “வலி மாத்திரைய எடுத்துருப்பா அதுலருந்து. டெங்கு சீசன். காய்ச்சல் மாத்திரை மட்டும் குடு, நாலு மணி நேரம் இடைவெளி விட்டுப் போடச் சொல்லு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு.”

அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு ஒரு துண்டை டப்பாவில் திரும்பப் போட்டார். பையன் போனதும் அம்மா தன் முறைக்கு நகர்ந்தார்.

“எனக்கு முழு அட்டையா குடு. வெட்டாத.”

“பதினஞ்சு மாத்திரை இருக்கும்த்தா.”

“இருக்கட்டும்” என்றார். வாங்கியதும் அதைத் திருப்பி, பின்பக்கத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “படி. இதுல ஒண்ணுதான் இருக்கா, ரெண்டு இருக்கா?”